கண்ட்ரோல் உங்ககிட்ட

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் கிடையாது என்று காலை ஏழு மணிக்கே தகவல் வந்துவிட்டது. காரணம் உறைமழை. எங்கள் ஊர் விச்சிட்டாவில் ஜனவரியில் பனி கொட்டினால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. மழையாகப் பெய்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தால்தான் ஊர் முடங்கும். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு காபி போட்டேன். பதினொரு மணிக்கு என் தங்கை டார்லீன் கூப்பிட்டாள்.

"வெர்லின் கீழ இருந்து மேல வரமாட்டேங்கிறார், லோர்னா. நீ கொஞ்சம் வந்து பேசிப் பாரேன்."

வெர்லின் அன்ரூ அவள் கணவர். கீழே என்றால் வீட்டின் அடித்தளம். நாலு மைல் தூரத்துக்கு ஐம்பது நிமிடம் ஓட்டினேன். மரக்கிளைகள் ஐஸ் கனத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. மின்கம்பிகள் விரல் தடிமனுக்கு ஐஸ் பூசிக்கொண்டு தொங்கின. இரண்டு சிக்னல்கள் செத்துக் கிடந்தன. இதையெல்லாம் பார்த்தபோது வீட்டில் மெழுகுவத்தி இருக்கிறதா என்றுதான் யோசித்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். என்னிடம் படித்தவர்களில் ஒருவரும் விழுந்து செத்ததில்லை. யாராவது பேய், ஆவி என்று பேச்சை ஆரம்பித்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள். இப்போதும் பேய் என்ற சொல்லை எழுதக் கை கூசுகிறது.

டார்லீன் நேற்று உடுத்திய உடுப்போடு கதவைத் திறந்தாள். கோஸும் கறியும் வைத்துச் சுட்ட பீராக் ரொட்டி ஒரு தட்டு நிறைய அடுப்புமேல் ஆறிக் கிடந்தது. வெர்லின் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கீழே போனவர் என்றாள். முதலில் ஏதோ கோபம் என்று விட்டுவிட்டாளாம். ஆம்புலன்ஸுக்கும் போன் செய்திருக்கிறாள். மூச்சு இருக்கிறதா, பேசுகிறாரா என்று கேட்டார்களாம். பேசுகிறார் என்றதும், சாலையில் கார்கள் மோதிக் கிடக்கின்றன, உங்கள் முறை வரட்டும் என்றார்களாம்.

"அப்படி என்னதான் பண்றார்?"

"கைய எடுக்க முடியலையாம்."

நான் சிரித்துவிட்டேன். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெர்லினைப் பற்றித் தெரிந்தால்தான் அந்தச் சிரிப்பு புரியும். இந்த ஊரில் செய்யும் சின்ன ஜெட் விமானங்களுக்கு, பணக்காரர்கள் வாங்கித் தனியாகப் பறப்பார்களே அவற்றுக்கு, முப்பத்தொரு வருஷம் தோல் இருக்கை தைத்தவர் அவர். ஒன்றில்கூட ஏறிப் பறந்ததில்லை. லைசென்ஸ் வாங்க ஆசைப்பட்டு என்னிடம் இருபத்தொரு பாடம் படித்தார். இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் கையெழுத்துப் போட மறுத்ததோடு அது முடிந்தது. அதற்குப் பிறகு அடித்தளத்தில் மூன்று திரை, ஒரு கைப்பிடி, தானே தைத்த இருக்கை எல்லாம் வைத்துக் கணினியில் விமானம் ஓட்ட ஆரம்பித்தார். விளையாட்டு என்று சொன்னால் கோபம் வரும். சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். நான் அவரைத் தையல்காரர் என்பேன், அவர் என்னைக் கேப்டன் என்பார்.

என் மாணவர்களிலேயே சுத்தமான பழக்கம் அவருக்குத்தான். விமானத்தில் இரண்டு இருக்கைக்கும் கைப்பிடி உண்டு. யார் ஓட்டுகிறார் என்பதில் ஒரு நொடி குழப்பம் வந்தாலும் இரண்டு பேரும் காலி. அதனால் கொடுக்கிறவர், "கண்ட்ரோல் உங்ககிட்ட" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர், "கண்ட்ரோல் என்கிட்ட" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை கொடுத்தவர் கையை எடுக்கக் கூடாது. இதை நான் மாணவர்களின் எலும்பில் ஏற்றிவிடுவேன். தூக்கத்தில் தட்டிச் சொன்னாலும் வாய் தானாகப் பதில் சொல்ல வேண்டும்.

படியில் இறங்கும்போதே வாசனை மாறியது. டார்லீனின் அடித்தளத்தில் சோப்புத்தூள் மணம்தான் எப்போதும் இருக்கும். அன்று சூடேறிய தோலும் மண்ணெண்ணெயும் பழைய காபியும் சேர்ந்து மணத்தன. நீண்ட தூரம் பறந்த ஜெட்டின் உள்ளே அடிக்கும் மணம் அது. இன்ஜின் இரைச்சல் மரப்படி வழியாகக் காலில் ஏறியது. கணினியின் ஸ்பீக்கர் இரண்டும் என் கைமுட்டி அளவுதான் இருக்கும்.

வெர்லின் திரும்பவில்லை. தாடி முளைத்திருந்தது. இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தன, விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. டார்லீன் அவர் மடியில் ஒரு துண்டைப் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்கத் தேவையில்லை.

"கேப்டன், சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க."

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தச் சிமுலேட்டர் ஆட்கள் தாங்களே விமானங்களைச் செய்து இணையத்தில் பகிர்ந்துகொள்வார்கள். நல்ல ஜெட் வேண்டுமென்றால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு பழைய பக்கத்தில், டுலூத் ஊர்க்காரர் டாலஃப்சன் என்பவர் செய்த ஜெட் ஒன்று இலவசமாகக் கிடந்தது. பதினொரு வருஷத்துக்கு முன் ஏற்றியது. அதற்குப் பிறகு அந்த ஆள் ஒரு வார்த்தை எழுதவில்லை. எடுத்தவர்கள் பட்டியலில் இந்த ஊர்ப் பெயரே பல தடவை இருந்ததாம். வெர்லின் எடுத்துத் தன் கணினியில் சேர்த்தார். உள்ளே போனதும் பயணிகள் இருக்கைகளைத்தான் பார்த்தாராம், தொழில் புத்தி. மூன்றாவது இருக்கையின் தலைமாட்டில் ஆறு தையல் கோணலாக இருந்தது.

"அது என் தையல், கேப்டன். தொண்ணூத்தெட்டுல அவசரத்துல போட்டது. யாரும் கவனிக்கலன்னு விட்டுட்டேன்."

"எந்த விமானம்னு தெரியுமா?"

"தெரியும். அஞ்சு வருஷம் கழிச்சு டுலூத் பக்கத்துப் பெரிய ஏரிக்கு மேல காணாமப் போச்சு. ஒரு துண்டுகூடக் கிடைக்கல."

கணினியில் வந்த அந்த விமானத்தில் துணை விமானியின் குரல் ஒன்று உண்டு. வேகம், உயரம் எல்லாவற்றையும் சொல்லும். மற்றவற்றில் இயந்திரக் குரல் இருக்கும். இது மனிதக் குரல், நடுவயதுக்காரர், பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார். வெர்லினுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. சனிக்கிழமை காலை மேகத்துக்கு மேல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது, குரல் செருமிக்கொண்டு, ரொம்பக் களைத்துப்போய்ச் சொன்னது.

"கண்ட்ரோல் உங்ககிட்ட."

வெர்லின் வாய் பதில் சொல்லிவிட்டது.

"நீங்க சொல்லிக்குடுத்ததுதான்," என்றார். குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதனால்தான் எனக்குக் குத்தியது.

அவர் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இடைவெளி இல்லை. தோல் எங்கே முடிகிறது, கைப்பிடி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அவர் முனகினார், விட்டுவிட்டேன். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"பிளக்கைப் பிடுங்கிப் போடறதுதானே?" என்றேன்.

டார்லீன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். நேற்றுச் சாயங்காலம் ஆத்திரத்தில் பிடுங்கிவிட்டாளாம். திரைகள் அணைந்தன, இன்ஜின் சத்தம் மட்டும் அணையவில்லை. வெர்லின் வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நீலமாயிற்று. கண் மேலே செருகியது. பிளக்கை மறுபடி மாட்டியபிறகுதான் மூச்சு வந்ததாம்.

எனக்கு அது என்னவென்று தெரியும். அவ்வளவு உயரத்தில் விமானத்துக்குள் இருக்கும் காற்று வெளியேறினால் மனிதனுக்கு அதுதான் நடக்கும். விமானப் பயிற்சியில் பார்த்திருக்கிறேன். சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படி நடக்கும் என்று மட்டும் தெரியவில்லை.

அப்போது விளக்கு ஒருமுறை மினுக்கியது.

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

வெளியே ஐஸ் கம்பிகளை இழுத்துக்கொண்டிருந்தது. மின்சாரம் போனால் வெர்லின் போய்விடுவார். கற்றுக்கொடுக்கிறவள் கலங்குவதை மாணவன் பார்க்கக் கூடாது.

"சரி, இறக்கிருவோம். நான் வாயால சொல்றேன், நீங்க கையால செய்ங்க. நான் எதையும் தொடமாட்டேன்."

வெர்லின் தாடையால் ஒரு காகிதத்தைக் காட்டினார். விமானத்தோடு வந்த குறிப்பு. இந்த ஆட்கள் எல்லோரும் செய்யும் தப்பு இதுதான்: விமானத்தைச் சேர்த்ததும் பறக்க ஓடுவார்கள், கூட வரும் குறிப்பைத் திறக்கவே மாட்டார்கள். வெர்லினும் திறக்கவில்லை. இன்று காலையில்தான் டார்லீனிடம் சொல்லி அச்செடுத்திருக்கிறார். கடைசிப் பத்தியை நான் வாசித்தேன்.

"எனக்குத் தெரிந்த குறைகள் மூன்று. பயணிகள் பகுதியில் விளக்கை அணைக்க முடிவதில்லை. மேலே போன பிறகு சக்கரங்கள் கீழே வருவதில்லை. துணை விமானி நான் பதிவு செய்யாததையும் சொல்கிறார், காரணம் தெரியவில்லை. அடுத்த பதிப்பில் சரிசெய்கிறேன்."

"ஓசில வந்தா இப்படித்தான்," என்றார் வெர்லின். அவர் சிரிக்க முயன்றது பார்க்கச் சகிக்கவில்லை.

சக்கரம் இல்லாவிட்டால் விமானத்தின் வயிற்றைத் தரையில் தேய்த்து இறக்கலாம், நானே ஒரு தடவை இறக்கியிருக்கிறேன் என்று சொன்னேன். அது உண்மைதான். வேகத்தைக் குறைக்கச் சொன்னேன், விமானத்தின் மூக்கைக் கீழே சாய்க்கச் சொன்னேன். வெர்லின் அழகாகச் செய்தார். உயரம் இறங்கியது. பத்து, ஒன்பது, எட்டு. திரையில் மேகம் வெள்ளையாக மூடியது. ஏழு வந்தபோது கைப்பிடி பின்னால் வந்தது.

"நான் இழுக்கல," என்றார் வெர்லின்.

திரையில் வலப்பக்க இருக்கைக்கு முன்னால் வரைந்திருந்த இன்னொரு கைப்பிடியும் பின்னால் வந்திருந்தது. அந்த இருக்கையில் யாரும் வரையப்படவில்லை. ஆனால் தோல் நடுவில் அமுங்கியிருந்தது.

மறுபடி கீழே சாய்த்தோம். மறுபடி இழுத்தது. முரட்டு இழுப்பு இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த இழுப்பு அது. முதல் தடவை மேகத்துக்குள் போகும் மாணவன் தரை எங்கே என்று தெரியாமல் பயந்துபோய்க் கைப்பிடியைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொள்வான். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

வலப்பக்கம் இருந்தது பயந்துகொண்டிருந்தது.

விளக்கு மறுபடி மினுக்கியது. இந்தத் தடவை இரண்டு நொடி அணைந்தே இருந்தது. வெர்லினின் நெற்றியில் வியர்வை பொட்டுப்பொட்டாக நின்றது. முகம் சாம்பல் நிறமாயிற்று. அடைப்பு இருக்கும் இதயம் முப்பது மணி நேரம் எப்படித் தாங்கும்?

"முடியல கேப்டன்," என்றார். பிறகு, என்னிடம்தான் சொல்கிறோம் என்றுகூடத் தெரியாமல், மூச்சோடு மூச்சாகச் சொன்னார். "கண்ட்ரோல் உங்ககிட்ட."

நான் இரண்டடி தள்ளி நின்றேன். கையில் காகிதம் இருந்தது. சொல்லக் கூடாது என்று தெரியும்.

முப்பத்திரண்டு வருஷப் பழக்கம்.

"கண்ட்ரோல் என்கிட்ட."

எப்போது இருக்கையில் உட்கார்ந்தேன் என்று நினைவில்லை. வெர்லின் தரையில் கிடந்தார், உள்ளங்கை இரண்டும் பச்சைப் புண்ணாக இருந்தன. என் கைகள் கைப்பிடியில் இருந்தன. அது வெதுவெதுப்பாக இருந்தது. எடுத்துப் பார்க்க முயலவில்லை, தேவையில்லை என்று விரலுக்கே தெரிந்தது.

டார்லீன் அழ ஆரம்பித்தாள். அவரை மேலே கொண்டுபோ, ஆம்புலன்ஸுக்கு மறுபடி போன் செய், மார்வலி என்று சொல் என்றேன். வெர்லின் படியைத் தவழ்ந்தே ஏறினார். கால்மணி நேரத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். அதற்கு முன் டார்லீன் ஒருமுறை கீழே ஓடிவந்தாள்.

"உன்னைய விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

"போ. கீழ யாரையும் வரவிடாதே. வந்தா முதல் வேலையா பிளக்கைப் பிடுங்குவாங்க. கதவச் சாத்திட்டுப் போ."

"நீ?"

"எனக்கு இது புதுசா? போடி."

தைரியமாகத்தான் சொன்னேன். வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

தலைக்கு மேல் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஸ்ட்ரெச்சர் உருண்டது. கதவைச் சாத்தினார்கள். சைரன் ஐஸ் தெருவில் மெதுவாக, ரொம்ப மெதுவாக விலகிப் போனது. மணி மதியம் இரண்டு.

தனியாக ஒரு இருக்கையில் மாட்டிக்கொள்வது எப்படி என்று அந்த முக்கால்மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். முதலில் மூக்கு அரித்தது. தோளில் தேய்த்துக்கொண்டேன், எட்டவில்லை. அந்த அரிப்புக்காகவே அழுதேன். பிறகு கால் மரத்தது. படி ஒன்பது அடி தூரத்தில் இருந்தது. மேலே சமையலறை ஜன்னல் வெளிச்சம் கதவிடுக்கில் ஒரு கோடாகத் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

கையில் வேலை இருந்ததால் வேலையைச் செய்தேன். விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்ப்பேன். அது இழுக்கும். விட்டுக்கொடுப்பேன். மறுபடி கொஞ்சம் சாய்ப்பேன். இப்படிப் பேரம் பேசியே ஆறு கிலோமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டேன். அங்கே காற்று போனாலும் சில நிமிடங்கள் நினைவு நிற்கும். அதற்குக் கீழே அது விடவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரம்தான் உண்டு. அங்கிருந்து மஞ்சள் வெளிச்சம் என் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

தோல் இருக்கை கிறீச்சிட்டது.

ஒன்றல்ல. பின்னால் வரிசையாக.

நான் திரும்பவில்லை. வலப்பக்கம் வெர்லின் பெயின்ட் டப்பா அடுக்கியிருந்த அலமாரி. அங்கிருந்து சவர சோப்பு மணம் வந்தது. யாரோ மூச்சு விட்டார்கள், சின்னச் சின்ன மூச்சாக, வாயால்.

இரண்டே முக்காலுக்கு மின்சாரம் போனது.

ஹீட்டர் நின்றது. திரைகள் செத்தன. கதவிடுக்கு வெளிச்சம் என் வரைக்கும் எட்டவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. காது இரண்டும் படீரென்று அடைத்தன. நெஞ்சிலிருந்த காற்றை யாரோ உறிஞ்சினாற்போல் வெளியே போனது. இழுத்தேன், உள்ளே வந்தது போதவில்லை. குளிர் முகத்தில் அறைந்தது.

கைப்பிடி இருட்டில் உயிரோடு இருந்தது. காற்றில் விமானம் குலுங்குவது உள்ளங்கையில் தெரிந்தது.

வலப்பக்கம் திரும்பாமல் சொன்னேன். "கண்ட்ரோல் உங்ககிட்ட."

பதில் இல்லை.

"கண்ட்ரோல் உங்ககிட்ட."

மூச்சு மட்டும் வேகமாயிற்று. பதில் வரும்வரை கையை எடுக்கக் கூடாது. என் சட்டம். என்னையே கட்டிப்போட்டது. அதட்டினால் மாணவன் இன்னும் இறுகிப்போவான் என்பது நினைவுக்கு வந்தது. விரல்நுனிகள் மரத்துக்கொண்டிருந்தன. குரலைத் தாழ்த்தினேன்.

"பயமா இருக்கா?"

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. என் காதிலிருந்து ஒரு முழத்தில்.

"கீழ போகச் சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேன். இறங்கவே வேண்டாம். இறக்கைய மட்டும் நேரா வைங்க. வேற எதையும் யோசிக்காதீங்க. இவ்வளவு நாள் நல்லாத்தானே வச்சிருந்தீங்க."

"தனியா முடியல."

ஒரு மாணவனை முதல்முறையாகத் தனியாக மேலே அனுப்பும் நாளில் பயிற்சியாளர் விமானத்திலிருந்து இறங்கிவிடுவார். இறங்குமுன் எல்லோரிடமும் ஒன்றையே சொல்வேன்: பயப்படாதீங்க, நான் இங்கேயே நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் காபி குடிப்பேன். நின்றால் எனக்கே பயமாக இருக்கும்.

"தனியா இல்ல," என்றேன். "நான் இருக்கேன். எப்பக் கூப்பிட்டாலும் இருப்பேன்."

கண்ணுக்குள் இருட்டைவிட இருட்டாக ஏதோ கூடிக்கொண்டு வந்தது. நாக்கு தடித்தது.

"கண்ட்ரோல் உங்ககிட்ட."

செருமல்.

"கண்ட்ரோல் என்கிட்ட."

கைகள் மடியில் விழுந்தன. காற்று உள்ளே வந்தது, சோப்புத்தூள் மணத்தோடு. நான் தரையில் உருண்டு, தடவித் தடவிப் படியைப் பிடித்தேன். நாலாவது படி ஏறும்போது கீழேயிருந்து கேட்டது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே ஏறி, கதவைத் தாண்டி, சமையலறை வெளிச்சத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

வெர்லின் பிழைத்துக்கொண்டார். அன்றே இன்னொரு அடைப்பை எடுத்தார்கள். கட்டுப் பிரித்தபோது அவர் உள்ளங்கையில் ரேகை இல்லை, என் கையிலும் இல்லை. மின்சாரம் புதன்கிழமை வந்தது. அதற்கு முன்பே டார்லீன் கணினியை முற்றத்துக்கு இழுத்துவந்து சுத்தியலால் அடித்து நொறுக்கியிருந்தாள். மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வெர்லின் இப்போது தோட்ட நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கிறார். வாரம் ஒரு கிலோ எடை கூடுகிறார். அவருக்கு ஒன்றும் கேட்பதில்லை. வாக்குக் கொடுத்தது அவர் இல்லையே.

எனக்குக் கேட்கிறது.

முதல் தடவை காரில் கேட்டது. வலப்பக்க இருக்கையிலிருந்து, அமைதியாக, "இருக்கீங்களா?" என்று. பதில் சொல்லாமல் ஓட்டினேன். காது அடைத்தது. அடுத்த சிக்னலுக்குள் கண்ணாடியில் என் உதடு நீலமாகத் தெரிந்தது. சொன்னேன், மூச்சு வந்தது. அதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். குளிக்கும்போதும், சர்ச்சில் ஜெபத்துக்கு நடுவிலும், பல் டாக்டர் வாயில் கை வைத்திருக்கும்போதும். தூக்கத்தில் சொல்லத் தவறிவிடுவேனோ என்று முழுசாகத் தூங்கிப் பல வாரமாகிறது. வீட்டுக்குள் நடமாடுகிறேன், கடைக்குப் போகிறேன், ஆனால் அந்த இருக்கையை விட்டு எங்கும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். இதை யாரிடமும் சொல்லவில்லை. டார்லீனிடம் சொன்னால் அவள் என்னை விட்டு நகரமாட்டாள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, மளிகைக் கடையில் பால் வைத்திருக்கும் குளிர்பெட்டி முன் நின்றுகொண்டிருந்தேன். கேள்வி வந்தது. சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முணுமுணுக்க வாயைத் திறந்தேன்.

"இருக்கேன்."

நான் இன்னும் சொல்லவில்லை.

நாலடி தள்ளி ஒரு ஆள். காக்கி மேல்கோட்டு, ஐம்பது வயது இருக்கும், முன்பின் பார்த்ததில்லை. தள்ளுவண்டியின் பிடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, பால் டப்பாக்களைப் பார்த்து மெதுவாகச் சொல்லியிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். முகம் வெளுத்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

ரொட்டி அடுக்கியிருந்த அடுத்த வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் அதையே சொன்னது.

மூன்றாவதாக நான் சொன்னேன்.